உங்கள் ஏர் ரைஃபிளின் குழலுக்கு உகந்த பெல்லட்டைக் கண்டறியும் முறை

காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிளை வாங்க நினைப்பவர்கள் எந்தத் துப்பாக்கியை வாங்கலாம் என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். ஆனால் அதில் போட வேண்டிய சிறு ஈயக் குண்டான பெல்லட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், கடைக்காரர் எடுத்து நீட்டும் டப்பாவை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர் ஒன்றில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக 10 மீட்டர் இலக்குச் சுடுதலில் ஈடுபட்டு வருகிறேன். என்னிடம் பழக வரும் பிள்ளைகளின் இலக்குத் தாளில் துளைகள் சிதறிக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், முதலில் கையைக் குறை சொல்லாமல் டப்பாவை எடுத்துக் காட்டச் சொல்கிறேன். ஒரே ஆள், ஒரே துப்பாக்கி, ஒரே நாள் என்று இருந்தும் பெல்லட்டை மாற்றிய மாத்திரத்தில் சிதறல் பாதியாகச் சுருங்கியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எந்தப் பெல்லட் நல்லது என்பதை விலையும் விளம்பரமும் சொல்ல முடியாது, உங்கள் துப்பாக்கியின் குழல்தான் சொல்ல வேண்டும். அதனிடம் முறையாகக் கேட்டறிவது எப்படி என்பதையே இங்கே எழுதுகிறேன்.

வேட்டைக்குச் சட்ட அனுமதி உள்ள நாடுகளில், ரைஃபிள் வைத்திருப்பவர்கள் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே மருந்து நிரப்பித் தயாரித்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு அம்சத்தை மட்டும் மாற்றிச் சுட்டுப் பார்த்து, தம் துப்பாக்கிக்கு ஏற்ற சேர்மானத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையும் குற்றம். ஆனால் 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. தோட்டா தயாரிப்பவருக்கு வேண்டிய அதே பொறுமையையும் அதே ஒழுங்கையும் நாம் பெல்லட் தேர்விலே பயிலலாம். உரிமம் வேண்டாம் என்பதால் எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று பறவைகள் சரணாலயங்கள் நிறைந்தது எங்கள் இராமநாதபுரம் மாவட்டம். கண்மாயில் இறங்கும் கொக்கின் மீது ஏர் கன்னைத் திருப்புகிறவருடன் எனக்குப் பேச்சே கிடையாது. இந்தக் கட்டுரை காகித இலக்குக்கு மட்டுமே உரியது.

எவ்வளவு துல்லியம் தேவை என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. 10 மீட்டர் ரைஃபிள் இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. அகலமுடையது, அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளி 0.5 மி.மீ. மட்டுமே. பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. தூரத்துக்குள் விழுந்தால் போதும். தசமப் புள்ளிக் கணக்கில் உச்சமான 10.9இலிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ.க்கும் ஒரு தசமம் குறைகிறது. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது அவருடைய கடைசிச் சுடுதல் 10.8. அப்படியென்றால் பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் விழுந்தது என்று பொருள். நம் கை அந்த அளவுக்கு வர ஆண்டுகள் ஆகலாம். ஆனால் கை பிசகுவதோடு பெல்லட்டும் சேர்ந்து பிசகினால், எது நம் பிழை, எது ஈயத்தின் பிழை என்று பிரித்தறியவே முடியாமல் போய்விடும். பயிற்சியில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை.

குழலும் பெல்லட்டும் பொருந்தும் விதம்

பெல்லட் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கோடங்கி கையிலிருக்கும் உடுக்கையைப் போல நடுவில் ஒடுங்கி இரு புறமும் விரிந்திருக்கும். முன்பக்கம் தலை, பின்பக்கம் உள்ளே குடைந்த மெல்லிய விளிம்பு. தலை குழலின் உள்ளே வெட்டப்பட்டிருக்கும் சுருள் வரிகளின் மேல் சவாரி செய்து பெல்லட்டை நேராக வைத்திருக்கிறது. பின்னாலிருந்து வரும் காற்றழுத்தம் மெல்லிய விளிம்பை விரித்துக் குழலோடு ஒட்டவைத்துக் காற்று கசியாமல் அடைக்கிறது. இந்த இரண்டு வேலைகளில் எது பிசகினாலும் பெல்லட் குழலைவிட்டுச் சற்றே தள்ளாடியபடி வெளியேறும். அந்தத் தள்ளாட்டம் 10 மீட்டரில் சில மில்லிமீட்டர்களாக விரிந்துவிடும்.

இலக்குச் சுடுதலுக்குத் தட்டைத் தலைப் பெல்லட்டையே பயன்படுத்த வேண்டும். அது காகிதத்தில் அச்சு வைத்துக் குத்தியது போல வட்டமான துளையைப் போடும், கூர்முனைப் பெல்லட் கிழித்துக்கொண்டு போகும். போட்டித் தரப் பெல்லட்டுகள் பெரும்பாலும் 0.53 கிராம், அதாவது 8.2 கிரெய்ன் எடையுள்ளவை. அவற்றின் டப்பாவில் தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 என்று மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரைக்கும் அச்சிடப்பட்டிருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வித்தியாசத்துக்குத் தனித்தனி டப்பா எதற்கு என்று புதியவர்கள் கேட்பதுண்டு. எந்தத் தொழிற்சாலையிலும் இரண்டு குழல்கள் நூற்றுக்கு நூறு ஒன்றுபோல அமைவதில்லை என்பதுதான் காரணம். நண்பரின் துப்பாக்கியில் அற்புதமாகச் சுட்ட 4.50 உங்களுடையதில் சிதறலாம், அதற்கு 4.49 தேவைப்படலாம்.

சோதனைக்கு முன்பே விரல் ஓரளவு சொல்லிவிடும். குழலின் பின்வாயில் பெல்லட்டை வைத்து அழுத்தும்போது அது தானாக உள்ளே விழுந்தால் தலை சிறியது. பெருவிரல் வலிக்கத் தள்ள வேண்டியிருந்து, வாயின் ஓரத்தில் மெல்லிய ஈயச் சீவல் தங்கினால் தலை பெரியது. சன்னமான ஒரு தடையோடு வழுக்கிக்கொண்டு போய் விளிம்பு வாயோடு சமமாக நிற்பதே நல்ல பொருத்தத்தின் அடையாளம். குழலை மடித்து இழுக்கும் வகைத் துப்பாக்கியில் பெல்லட் வைக்கும்போது இன்னொரு கையால் குழலை இறுகப் பிடித்திருப்பது கட்டாயம். பிடியில்லாமல் விசை தவறி விழுந்தால் குழல் மூடும் வேகத்தில் விரல் போய்விடும்.

பெல்லட்டைச் சோதிக்கும் முன் துப்பாக்கியைச் சோதியுங்கள்

ஸ்பிரிங் விசையால் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்தும் ஸ்பிரிங் துப்பாக்கி, அதிர்வில் தன் திருகுகளைத் தானே தளர்த்திக்கொள்ளும். கட்டையையும் இரும்பையும் இணைக்கும் திருகுகள், தொலைநோக்கி இருந்தால் அதன் பிடிகள், குறிபார்க்க உதவும் முன் சைட் ஆகியவற்றை முதலில் இறுக்கிவிடுங்கள். குழலைச் சுத்தமான துணித்துண்டோ, துடைப்பதற்கென்றே கம்பளியில் செய்த ஃபெல்ட் பெல்லட்டோ கொண்டு துடைத்தால் போதும், கம்பித் தூரிகையை உள்ளே விட வேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடவும் கூடாது, ஏனென்றால் எதிரே அழுத்தக் காற்று இல்லாததால் பிஸ்டன் நேரே போய் முட்டிக்கொள்ளும்.

கடற்கரையில் காற்றுச் சிலிண்டர் வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், கைப்பம்பினால் நிரப்பும்போது அந்த ஈரமும் அழுத்தத்தோடு சிலிண்டருக்குள் போய்த் தங்கும். முடிந்தவரை உலர்காற்று நிரப்பும் இடத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அத்தகைய துப்பாக்கியின் காற்றுப் பாதையில் சாதாரண எஞ்சின் எண்ணெயை விடவே கூடாது, ஏனென்றால் உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் அது வெடிக்கக்கூடியது.

இடமும் காற்றும் தடுப்பும்

10 மீட்டர் என்பது கண்மதிப்பாக இருக்கக் கூடாது. சுடுபவர் நிற்கும் கோட்டிலிருந்து இலக்குத் தாளின் முகம் வரை டேப்பால் அளந்து, இலக்கின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் வருமாறு கட்டுங்கள். நான் பழகுவது வலை காயப்போடும் பழைய ஓலைக் கொட்டகையில். இரு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டால் உள்ளே காற்று அடங்கிவிடும்.

அப்படி ஓர் இடம் இல்லாதவர்கள் வெளியில் சோதிப்பதென்றால் கடலை நம்பிப் பிழைப்பவர்களிடம் காற்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. கச்சான் வீசும் மாதங்களில் பகல் முழுவதும் மணலை வாரி முகத்தில் அடிக்கும், அப்போது செய்யும் சோதனை எதையும் நம்ப முடியாது. மற்றக் காலங்களில் விடிந்து சூரியன் ஏறும் முன்பு, கரைக்காற்று ஓய்ந்து கடற்காற்று தொடங்காத ஓர் இடைவெளி கிடைக்கும். கரையில் நிற்கும் வள்ளத்தின் கொடி தளர்ந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்த ஒரு மணி நேரமே சோதனைக்குரிய நேரம்.

இலக்குக்குப் பின்னால் பனைமரமோ கருங்கல்லோ இருக்கக் கூடாது. கெட்டியான பரப்பில் பட்ட ஈயம் திரும்பி வந்து கண்ணைத் தாக்கும், ஆகவே கண்ணாடி அணியாமல் யாரும் கொட்டகைக்குள் நிற்பதை நான் அனுமதிப்பதில்லை. ஓரடி ஆழமுள்ள மரப்பெட்டியில் பழந்துணிகளை நெருக்கித் திணித்து, அதன் பின்புறத்தில் இரும்புத் தகடு வைத்துவிட்டால் பெல்லட்டுகள் எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். மாதம் ஒருமுறை பெட்டியைப் பிரித்து ஈயத்தைச் சேகரித்துப் பழைய ஈயம் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். நீர்ப்பறவைகள் இரை செரிக்கச் சிறு கற்களை விழுங்கும்போது ஈயத் துணுக்குகளையும் சேர்த்து விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன என்பது உலகம் முழுவதும் அறியப்பட்ட உண்மை. பூநாரைகள் வந்திறங்கும் கரையில் நாம் ஈயத்தை இறைத்துவிட்டுப் போவது தகாது.

சோதனை

இரண்டு அல்லது மூன்று தயாரிப்புகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு தலை அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10 போன்ற ஜெர்மானியப் போட்டிப் பெல்லட்டுகளும் உள்நாட்டுப் பெல்லட்டுகளும் கலந்திருப்பது நல்லது. விலை உயர்ந்ததே வெல்லும் என்ற முடிவோடு உட்கார்ந்தால் சோதனையே வீண். கிளப்பில் பழகுபவர்கள் டப்பா முழுவதும் வாங்காமல் ஒருவருக்கொருவர் ஐம்பது ஐம்பதாகப் பகிர்ந்துகொள்ளலாம். அப்படி வாங்கும் ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் தயாரிப்பின் பெயர், தலை அளவு, எந்தத் தடவை தயாரானது என்று காட்டும், டப்பாவின் அடியிலுள்ள தொகுதி எண் ஆகிய மூன்றையும் அப்போதே எழுதி ஒட்டிவிட வேண்டும். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் எழுதியதை நான் கண்டதில்லை.

துப்பாக்கியை எப்படித் தாங்குவது என்பது அதன் வகையைப் பொறுத்தது. காற்றுச் சிலிண்டர் வகைக்கு அதிர்வு மிகக் குறைவு என்பதால் மேசையில் மணல்மூட்டை போட்டு அதன்மேல் உறுதியாக வைத்துச் சுடலாம், பட்டறைப் பிடியில் மெத்தையிட்டுப் பொருத்தியும் சுடலாம். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இது ஒத்துவராது. பெல்லட் குழலைவிட்டு வெளியேறும் முன்பே உள்ளிருக்கும் கனத்த பிஸ்டன் ஓடி நிற்பதால் துப்பாக்கி முதலில் பின்னுக்கும் பிறகு முன்னுக்கும் துள்ளுகிறது. அந்தத் துள்ளலை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகத் துள்ளும். ஆகவே மணல்மூட்டையின் மேல் விரித்த உள்ளங்கையை வைத்து, அந்தக் கையின் மேல் துப்பாக்கியைத் தொட்டும் தொடாததுமாகக் கிடத்தி, தோளிலும் மெதுவாகவே சார்த்தி, அது விரும்பியபடி அசையவிட்டுச் சுட வேண்டும். கை எந்த இடத்தில் தாங்குகிறதோ அந்த இடத்தில் கட்டையில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு, சோதனை முடியும்வரை அதிலிருந்து நகராதீர்கள்.

ஒரு பெல்லட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்து, பதினைந்து சுடுதல்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு தயாரிப்பும் தன் ஈயத்தையும் எண்ணெய்ப் பூச்சையும் குழலின் உள்ளே மெல்லிய படலமாகப் பூசுகிறது, பழைய படலம் போய்ப் புதியது படியும்வரை குழல் நிலைகொள்ளாது. அதன் பிறகு ஐந்தைந்து சுடுதல்களாக ஐந்து தனி இலக்குகளில் சுடுங்கள். ஒரே ஓர் ஐந்தை வைத்து முடிவெடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஐந்து பெல்லட்டுகள் ஒரே துளையில் விழுந்தால் அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுகிறோம், அடுத்த ஐந்து விரிந்தால் கை அசைந்துவிட்டது என்று சொல்லி அதை எறிந்துவிடுகிறோம். எறிந்த தாளும் அதே குழல் சொன்ன சொல்தான். கை அசைந்தது என்று விசை இழுத்த கணத்திலேயே தெரிந்து, துளையைப் பார்க்கும் முன்பே வாய்விட்டுச் சொன்னால் மட்டும் அந்த ஒரு சுடுதலைத் தள்ளலாம். இந்த விதியை நானே எனக்கு விதித்துக்கொண்ட பிறகுதான் என் குறிப்பேடு நம்பத்தக்கதாயிற்று.

எல்லாப் பெல்லட்டுகளையும் ஒரே காலையில் சோதிக்க நேர்ந்தால் வரிசையையும் யோசிக்க வேண்டும். முதலில் சுட்டதற்கு அமைதியான காற்றும் புத்துணர்ச்சியான கண்ணும் கிடைக்கும், கடைசியில் சுட்டதற்கு வியர்வையும் கடற்காற்றும்தான் மிஞ்சும். ஆகவே முதல் நாள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சுட்டால் மறுநாள் மூன்று, இரண்டு, ஒன்று என்று திருப்பிச் சுட்டு இரு நாள் அளவுகளையும் சேர்த்துப் பாருங்கள்.

அளப்பதற்கு வெர்னியர் காலிப்பர் போதும். ஓர் இலக்கில் மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து, அதிலிருந்து பெல்லட்டின் விட்டமான 4.5 மி.மீ.யைக் கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கான சிதறல் கிடைக்கும். ஐந்து இலக்குகளின் சராசரியை எழுதுங்கள், அதோடு மிகப் பெரிய சிதறலையும் எழுதுங்கள். சராசரியில் இரண்டு பெல்லட்டுகள் சமமாக இருந்தால் நான் எப்போதும் பெரிய சிதறல் குறைவாக உள்ளதையே தேர்ந்தெடுப்பேன். போட்டியில் நம்மைக் கவிழ்ப்பது அந்த ஒற்றைத் துளைதான். சாதாரண நோட்டுத் தாளில் துளையின் விளிம்பு கிழிந்து அளவு தவறும், அதிலும் ஐப்பசி மழையில் ஈரம் குடித்த தாள் துணி போலக் கிழியும். இலக்குக்கென்று விற்கும் தடித்த அட்டையையே வாங்கி, மூடிய டப்பாவில் வைத்திருங்கள்.

அளவை மட்டும் பார்க்காமல் வடிவத்தையும் படியுங்கள். துளைகள் மேலும் கீழுமாக ஒரு கோடு போல நீண்டால் பெல்லட்டின் வேகம் சீராக இல்லை என்று சந்தேகிக்கலாம். வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் புறப்படும் பெல்லட் 10 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.06 வினாடி ஆகிறது, அதற்குள் ஈர்ப்பு விசை அதை 17 மி.மீ. அளவுக்குக் கீழே இழுத்துவிடுகிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலே, வேகம் 165 மீட்டராகக் குறைந்தால் இன்னும் ஒரு மில்லிமீட்டர் தாழும். கிடையாக நீண்டால் காற்றையும் விசை இழுக்கும் விரலையும் பாருங்கள். துளைகள் இரண்டு தனிக் கூட்டங்களாகப் பிரிந்து விழுந்தால் சைட் அல்லது தொலைநோக்கிப் பிடி தளர்ந்திருக்கலாம், அல்லது டப்பாவில் இரண்டு விதமான பெல்லட்டுகள் கலந்திருக்கலாம். இப்படி இரண்டு கூட்டங்களாக விழுவதை நானே ஒருமுறை மாதக்கணக்கில் என் மூச்சின் குறை என்று எண்ணி வருந்திக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், ஒரு கடையில் வாங்கிய டப்பாவில் வெவ்வேறு தொகுதிகளின் பெல்லட்டுகளைக் கொட்டிக் கலந்து விற்றிருந்தார்கள். அந்த மாதங்களில் நான் இழந்தது புள்ளிகளை மட்டுமல்ல, என் பிடியின் மீதிருந்த நம்பிக்கையையும்தான். அன்றிலிருந்து முத்திரை பிரிந்த டப்பாவைக் கையால் தொடுவதில்லை.

பார்த்துப் பொறுக்குதல்

குழல் தனக்குரியதைச் சொல்லிவிட்ட பிறகு, அந்த டப்பாவுக்குள் இருக்கும் கேடானவற்றைப் பொறுக்கி எடுக்கும் வேலை இருக்கிறது. ஈயம் மென்மையானது, ஆகவே டப்பா கீழே விழுந்தாலோ பேருந்தில் குலுங்கினாலோ பின்விளிம்புகள் நசுங்கிவிடும். ஒரு கண்ணாடித் துண்டை மிகச் சிறிதளவு சாய்த்து வைத்து, பெல்லட்டைப் படுக்கவைத்து உருட்டிவிடுங்கள். தலையும் பின்விளிம்பும் ஒரே விட்டத்தில் இல்லாததால் அது நேராக ஓடாமல் வில் போல வளைந்து ஓடும். நல்ல பெல்லட்டுகள் எல்லாம் ஒரே வளைவில், சத்தமில்லாமல் உருண்டு ஒரே இடத்தில் போய் நிற்கும். விளிம்பு நசுங்கியது ஓட்டத்தின் நடுவில் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தயங்கும், காதைச் சற்று அருகில் வைத்தால் சன்னமாகத் தட்டும் ஒலியும் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத கோணலை இந்தக் கண்ணாடி காட்டிக்கொடுப்பதைப் பார்ப்பதில் எனக்கு இன்றும் அலுப்பு வந்ததில்லை. தள்ளியவற்றை எறிய வேண்டாம், துப்பாக்கி பிடிக்க மட்டும் பழகும் புதியவர்களுக்கு அவை உதவும்.

எடை பார்ப்பதைப் பற்றி என் கருத்து வேறு. பலர் நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றை வாங்கி ஐந்நூறு பெல்லட்டுகளையும் ஒவ்வொன்றாக நிறுத்து அடுக்கி வைக்கிறார்கள். 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் தராசு இதற்கு உதவாது, 0.001 கிராம் காட்ட வேண்டும், மின்விசிறியையும் சன்னலையும் மூடிவிட்டுத்தான் நிறுக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கும் பயனைக் கணக்கிட்டுப் பாருங்கள். 0.53 கிராமில் 0.01 கிராம் கூடினால் எடை ஏறக்குறைய 2 விழுக்காடு கூடுகிறது. அதே ஆற்றலில் வேகம் 1 விழுக்காடு குறையும், அதனால் 10 மீட்டரில் பெல்லட் 0.3 மி.மீ. அளவுக்கே தாழும். நல்ல போட்டிப் பெல்லட்டில் அந்த அளவு வேறுபாடே அரிது. ஆகவே நான் புதுத் தொகுதியிலிருந்து ஐம்பதை மட்டும் நிறுத்துப் பார்ப்பேன். எல்லாம் நெருங்கி இருந்தால் தராசை மூடி வைத்துவிடுவேன், பெரிதும் விலகி இருந்தால் அந்தத் தொகுதியையே வாங்க மாட்டேன். எடைக்குச் செலவிடும் நேரத்தைக் கண்ணாடியில் உருட்டுவதற்குச் செலவிட்டால் பலன் கூடுதல்.

உப்புக் காற்றில் ஈயத்தைக் காப்பது

உள்நாட்டு ஊர்களில் எழுதப்படும் குறிப்புகளில் இந்தப் பகுதி ஒரு வரியில் முடிந்துவிடும், நமக்கு அப்படி முடியாது. மாடத்தில் திறந்து வைத்த டப்பா ஓர் அடைமழைக் காலம் கழிந்ததும் சுண்ணாம்பு தூவியது போல வெளுத்திருப்பதைக் கடலோரத்தில் வாழ்பவர்கள் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து ஈயத்தின் மேல் படியவைக்கும் அந்த வெள்ளைப் பொடி பெல்லட்டின் விட்டத்தையும் கெடுக்கிறது, உடலுக்குள் போனால் நஞ்சாகவும் ஆகிறது. வாயால் ஊதிப் பொடியைப் போக்க முயலவே கூடாது. வெளுத்த பெல்லட்டை மீட்க நினைக்காமல் பழைய ஈயத்தோடு சேர்த்துவிடுங்கள்.

டப்பாவைத் திறந்தவுடன் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு, மீதியை இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்க வேண்டும். புதுப் பெல்லட்டில் ஒட்டியிருக்கும் ஈயத் தூளைக் கழுவ விரும்புகிறவர்கள் நம் கிணற்று உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது. குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மெதுவாக அலசி, மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, பழைய துண்டின் மேல் பரப்பி நிழலில் உலரவிடுங்கள். அதற்கென்று ஒரு தனிச் சட்டி வைத்துக்கொள்ள வேண்டும், அது சமையலறைக்குத் திரும்பவே கூடாது. உலர்ந்தபின் பெல்லட்டுக்குரிய எண்ணெயை ஒரு சொட்டு துணியில் விட்டு, அந்தத் துணியில் பெல்லட்டுகளை மெல்ல உருட்டினால் போதும். ஸ்பிரிங் துப்பாக்கியில் எண்ணெய் மிகுந்தால் அழுத்தக் காற்றின் சூட்டில் அது பற்றிக்கொண்டு டீசல் எஞ்சின் போல வெடித்து, வேகத்தைத் தாறுமாறாக்கிவிடும்.

தூண்டில் நரம்பில் ஈயத்தைப் பல்லால் கடித்து இறுக்குவது நம் கரையில் சிறுவயதிலிருந்தே பழகிய வழக்கம். அதே வழக்கத்தில் பெல்லட்டுகளை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பையன்களை நான் தடுத்திருக்கிறேன். ஈயம் உடலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் நஞ்சு, வளரும் பிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் தாக்குகிறது. சுட்டு முடித்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஒரு வாய் தேநீர் கூடக் குடிக்கக் கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் சுடும்போது அணிந்த சட்டையோடு குழந்தையைத் தூக்கவும் வேண்டாம்.

தொகுதி எண்

எல்லாம் செய்து உங்கள் குழலுக்கு உகந்ததைக் கண்டுகொண்டீர்கள் என்றால், அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதே பெயரும் அதே தலை அளவும் இருந்தாலும் அடுத்த தொகுதி வேறு அச்சில் அழுத்தி உருவாக்கப்பட்டிருக்கலாம், ஆகவே வெற்றி பெற்ற டப்பாவின் தொகுதி எண்ணைச் சொல்லி அதே எண்ணில் கிடைக்கும் டப்பாக்களை வாங்கிவிட வேண்டும். ஒரு போட்டிக்கு 60 சுடுதல், அதற்கு முன் குறி சரிபார்க்கும் சுடுதல்கள் என்று ஏறக்குறைய 80 பெல்லட் செலவாகும். அதே அளவில் வாரம் நான்கு நாள் பழகுபவருக்கு 500 பெல்லட் கொண்ட டப்பா ஒன்றரை வாரம்தான் வரும், ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 17 டப்பா ஆகும். அவ்வளவுக்கு வசதி இல்லாதவர்கள் சோதித்தறிந்த தொகுதியைப் போட்டிக்கும் போட்டிக்கு முந்தைய வாரத்துக்கும் ஒதுக்கிவிட்டு, அன்றாடப் பயிற்சிக்கு மலிவான பெல்லட்டைப் பயன்படுத்தலாம். போட்டிப் பெல்லட்டுக்கு மாறும் நாளில் குழலுக்குரிய பதினைந்து சுடுதல்களை மறக்காமல் கொடுத்துவிட்டு, சைட்டை மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒதுக்கிய டப்பாக்களின் மூடியில் வாங்கிய தேதியையும் சோதனையில் கிடைத்த சராசரிச் சிதறலையும் எழுதி, சன்னலிலிருந்து விலகிய உள்ளறை அலமாரியில், குழந்தைகளின் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.